ஹீட் பம்ப் போட்டும் பில் குறையலையா? கொட்டேஷன்ல இருக்கிற 'லோ லாஸ் ஹெட்டர்' வரியைக் கொஞ்சம் கவனிங்க

பொன்னேரியில இருந்து பழவேற்காடு போற வழியில இருக்கு திருப்பாலைவனம். எங்க ஊர். இங்க மார்கழிப் பனின்னா ஒரு போர்வை, ஒரு மப்ளர், அதிகம் போனா குளிக்கிறதுக்கு ஒரு சொம்பு வெந்நீர். அவ்வளவுதான். வீட்டையே சூடாக்க ஒரு மெஷின் வேணும்னு சொன்னா சிரிப்பாங்க.

ஆனா லண்டன்ல இருக்கிற பெரியப்பா பையனுக்கு அது சிரிப்பு இல்ல. பழைய கேஸ் பாய்லரை எடுத்துட்டு ஹீட் பம்ப் போடலாம்னு கொட்டேஷன் வாங்கியிருக்காரு. அதுல ஒரு வரியைச் சுத்தி வட்டம் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பினாரு. "தம்பி, 'லோ லாஸ் ஹெட்டர்'னு ஒண்ணு போட்டிருக்கான். லோ லாஸ்னா இழப்பு கம்மி, நல்லதுதானே?"

இந்தக் கேள்விக்குள்ளதான் விஷயமே இருக்கு. பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ்னு வீட்டுக்குள்ள சுடுதண்ணி குழாய் ஓடுற நாடுகள்ல இருக்கிற நம்ம மக்கள் பல பேர் இந்தப் பெயரை ஒரு கொட்டேஷன்லயோ பில்லுலயோ பார்த்திருப்பாங்க. சுவிஸ், ஜெர்மனியில இருக்கிறவங்களுக்கு 'ஹைட்ராலிஷே வைஷே'ன்னு வந்திருக்கும். பாரீஸ்ல இருக்கிறவங்களுக்கு 'பூத்தேய்', அதாவது 'பாட்டில்'னு தொடங்குற ஒரு பேரா இருக்கும். எல்லாம் ஒரே சாமான்தான். டொராண்டோ மக்கள் பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம். அங்க அதிகமான வீடுகள்ல ஃபர்னஸ் வெச்சு குழாய் வழியா சூடான காத்தைத்தான் அனுப்புறாங்க, தண்ணி இல்ல.

சரி, இது என்ன? எதுக்கு வைக்கிறாங்க? எப்ப வைக்கக்கூடாது? வாங்க, விரிவா பார்க்கலாம்.

'லாஸ்'னா எந்த லாஸ்?

முதல்ல அண்ணன் கேட்ட கேள்வி. இங்க 'லாஸ்'னு சொல்றது வெப்ப இழப்பை இல்ல, கரண்ட் இழப்பையும் இல்ல. தண்ணியோட அழுத்த இழப்பு. ஒரு குழாய்க்குள்ள தண்ணி ஓடும்போது உராய்வுனால அழுத்தம் குறையும். குழாய் குறுகலா இருந்தா அதிகமா குறையும், அகலமா இருந்தா கம்மியா குறையும். இந்த ஹெட்டர் ரொம்ப அகலமான ஒரு குழாய்த் துண்டு. அதுக்குள்ள தண்ணி அவ்வளவு மெதுவா நகர்றதால அழுத்த இழப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அதனாலதான் லோ லாஸ்.

பேரை வெச்சு "இது போட்டா பில் குறையும்"னு நம்பிடாதீங்க. தப்பா போட்டா பில் ஏறத்தான் செய்யும். எப்படின்னு கீழே கணக்கோட சொல்றேன்.

பார்க்குறதுக்கு ஒரு தடிமனான உருளை மாதிரி, செங்குத்தா நிக்கும். நாலு குழாய் இணைப்பு இருக்கும். ஒரு பக்கம் ரெண்டு: பாய்லர் அல்லது ஹீட் பம்ப்ல இருந்து சூடான தண்ணி மேல வரும், ஆறின தண்ணி கீழ திரும்பிப் போகும். மறுபக்கம் ரெண்டு: மேல இருந்து சூடான தண்ணி ரேடியேட்டர்களுக்குப் போகும், கீழ ஆறின தண்ணி திரும்பி வரும். உள்ள தடுப்பு எதுவும் கிடையாது. மோட்டார் கிடையாது. வெறும் பீப்பாதான். உச்சியில காத்து வெளியேற ஒரு வால்வு, அடியில கசடு எடுக்க ஒரு குழாய். தண்ணி மெதுவா போறதால காத்துக் குமிழி மேல ஏறிடும், துரு கீழ படிஞ்சிடும். அது ஒரு கூடுதல் லாபம்.

பாய்லர் பக்கம் ஓடுற சுற்றை 'பிரைமரி'ன்னும், ரேடியேட்டர் பக்கம் ஓடுற சுற்றை 'செகண்டரி'ன்னும் சொல்வாங்க. இந்த ரெண்டு வார்த்தையை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இதை ஏன் கண்டுபிடிச்சாங்க?

இதைப் புரிஞ்சுக்க லண்டன் போக வேண்டாம். நம்ம தெருவுக்கே வாங்க.

தெருக் குழாய்ல குடிநீர் வருது. ஒரு வீட்டுல நேரடியா அந்தக் குழாய்லயே மோட்டாரை மாட்டி இழுக்குறாங்க. என்ன ஆகும்? அடுத்த வீட்டுக்குத் தண்ணி வராது. பக்கத்து வீட்டுக்காரரும் கோபத்துல ஒரு மோட்டார் மாட்டுவாரு, அவருது பெருசா இருந்தா முதல் வீட்டுக்கு வராது. சண்டைதான். நேரடி மோட்டார் விதிமீறல்னு அதிகாரிங்க வந்து பிடுங்கிட்டுப் போறது இதுக்காகத்தான். அதுவே வீட்டுல ஒரு சம்ப் கட்டி, தெருத் தண்ணி அதுல விழட்டும், நம்ம மோட்டார் சம்ப்ல இருந்து இழுக்கட்டும்னு விட்டா சண்டை இல்ல. நீங்க எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல சம்ப் இருக்கு.

லோ லாஸ் ஹெட்டர் செய்யுறதும் அந்த சம்ப் வேலைதான். ஒரே வித்தியாசம், இது மூடின சுற்று. தண்ணி வெளிய போகாது, திரும்பத் திரும்ப அதே தண்ணிதான் சுத்தும்.

ஒரு பெரிய வீட்டை நினைச்சுக்கோங்க. மாடியில ரேடியேட்டர், அதுக்கு ஒரு பம்ப். கீழே கிச்சன்ல தரைக்கு அடியில குழாய் ஓடுற அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங், அதுக்கு ஒரு பம்ப். வெந்நீர் சிலிண்டருக்கு ஒரு பம்ப். பாய்லருக்குள்ளயே ஒரு பம்ப். எல்லாம் ஒரே குழாய்ல மாட்டியிருந்தா தெருக் குழாய் சண்டைதான். பெரிய பம்ப் ஓடும்போது சின்ன பம்ப் பக்கம் தண்ணியே போகாது. சில நேரம் எதிர்த்திசையில ஓடும். யாரும் ஆன் பண்ணாத ரேடியேட்டர் சுடும், ஆன் பண்ண ரேடியேட்டர் சில்லுன்னு இருக்கும்.

பழவேற்காடு ஏரியில 'பாடு' முறைன்னு ஒண்ணு உண்டு. எந்த நாள் எந்த இடத்துல யார் வலை போடணும்னு முறை வெச்சு, சீட்டுப் போட்டுப் பிரிச்சுக்குவாங்க. ஒரே நீரோட்டத்துல ரெண்டு பேர் வலை கட்டினா பின்னாடி இருக்கிறவனுக்கு ஒண்ணும் மிஞ்சாதுன்னு தெரிஞ்சு செஞ்ச ஏற்பாடு. பம்ப்புகளுக்கு சீட்டுப் போட முடியாது. அதனால ஹெட்டர்.

இன்னொரு காரணமும் இருக்கு. பாய்லருக்கும் ஹீட் பம்ப்புக்கும் ஒரு குறைந்தபட்ச நீரோட்டம் எப்பவும் இருக்கணும். ராத்திரி எல்லா ரூம் வால்வும் மூடிட்டா தண்ணி எங்க போகும்? ஹெட்டர் இருந்தா மேல வந்து கீழ திரும்பிப் போயிடும், மெஷின் தப்பிச்சிடும். இந்தப் பாதுகாப்புக்காகவே சில கம்பெனிகள் தங்களோட சில மாடல்களுக்கு ஹெட்டர் கட்டாயம்னு எழுதி வெச்சிருக்காங்க. அதனால ஹெட்டர் போடச் சொல்ற பிளம்பர் எல்லாம் காசு பறிக்கிறவர்னு முடிவு கட்டாதீங்க.

அப்போ பிரச்சினை எங்க?

உள்ள தடுப்பு கிடையாதுன்னு சொன்னேன் இல்லையா? அங்கதான்.

பழவேற்காடு முகத்துவாரத்துல நின்னு பார்த்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். ஒரு பக்கம் ஆரணி ஆத்துத் தண்ணி, ஒரு பக்கம் கடல். மழைக்காலத்துல ஆறு வேகமா வந்தா நல்ல தண்ணி கடலுக்குள்ள வரைக்கும் போகும். கோடையில ஆறு வத்தினா கடல் தண்ணி ஏரிக்குள்ள ஏறும். எந்தப் பக்கம் வேகம் அதிகமோ அந்தத் தண்ணி மறுபக்கத்துல கலக்கும். ஏரிக்கு இந்தக் கலப்புதான் உயிர். இறாலும் நண்டும் வளர்றதே அதுலதான். முகத்துவாரம் மண்ணு மேவி அடைச்சா மீனவர்கள் பதறுறதும் அதனாலதான்.

ஹெட்டருக்குள்ள நடக்குறதும் இதே கலப்புதான். ஆனா இங்க கலந்தா நஷ்டம்.

மூணு நிலைமை வரலாம். பிரைமரி, செகண்டரி ரெண்டுலயும் ஒரே அளவு தண்ணி ஓடுனா கலப்பே இல்ல. வந்த சூடு அப்படியே ரேடியேட்டருக்குப் போயிடும், ஹெட்டர் இருக்கிறதே தெரியாது. இது புத்தகத்துல வர்ற நிலைமை. வீட்டுல ஒரு ரூம் வால்வு மூடினாலே இது கலைஞ்சிடும்.

செகண்டரியில அதிகமா ஓடுனா? ரேடியேட்டர் பம்ப் கேக்குற அளவு சூடான தண்ணி மேல வரல. மீதியை எங்க இருந்து இழுக்கும்? கீழ இருக்கிற ஆறின தண்ணியில இருந்து. ஆக மெஷின் ஒரு சூட்டுல அனுப்புது, ரேடியேட்டருக்கு அதைவிடக் கம்மியாதான் போகுது.

பிரைமரியில அதிகமா ஓடுனா தலைகீழ். மிச்சமான சூடான தண்ணி வீட்டுக்குப் போகாமலே கீழ இறங்கி மெஷினுக்கே திரும்பிடும்.

ஹீட் பம்ப்புக்கு இது ஏன் பெரிய அடி?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். மொபைலை மூடிடாதீங்க, கூட்டல் பெருக்கல்தான்.

ஒரு லிட்டர் தண்ணியை 1 டிகிரி சூடாக்க சுமார் 4.19 கிலோஜூல் வேணும். வீட்டுக்கு 8 கிலோவாட் வெப்பம் தேவைன்னு வெச்சுக்குவோம். ஹீட் பம்ப்ல போற தண்ணிக்கும் வர்ற தண்ணிக்கும் வித்தியாசம் வழக்கமா 5 டிகிரிதான் வைப்பாங்க. அப்போ 8-ஐ 4.19-ஆலயும் 5-ஆலயும் வகுத்தா நொடிக்கு 0.38 லிட்டர். நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 23 லிட்டர். அதே 8 கிலோவாட்டை கேஸ் பாய்லர் 20 டிகிரி வித்தியாசத்துல கொடுத்தா 6 லிட்டர்கூட வேண்டாம். ஹீட் பம்ப்புக்கு நாலு மடங்கு தண்ணி ஓடணும். பழைய பாய்லருக்குப் போட்ட ஒல்லிக் குழாயை அப்படியே ஹீட் பம்ப்புக்கு வெச்சுக்கிட்டா மூச்சு வாங்குறது இதனாலதான்.

இப்போ நம்ம உதாரண வீட்டுல ரேடியேட்டர் பக்கம் 23 லிட்டர் ஓடுது. ஆனா ஹீட் பம்ப் பக்கம் குழாய் சின்னது, ஃபில்டர் அடைச்சிருக்கு, அல்லது பம்ப் செட்டிங் கம்மி. 15 லிட்டர்தான் வருது. ஹீட் பம்ப் 45 டிகிரியில அனுப்புது. ஹெட்டருக்குள்ள 15 லிட்டர் சூடான தண்ணியோட 8 லிட்டர் ஆறின தண்ணி கலக்குது. ரேடியேட்டருக்குப் போறது 42.4 டிகிரி.

இரண்டரை டிகிரிதானே, போகட்டும்னு தோணும். ஆனா ரேடியேட்டருக்கு 45 வேணும்னா ஹீட் பம்ப் இப்போ 47.6 டிகிரிக்கு உழைக்கணும். ஹீட் பம்ப்போட குணம் என்னன்னா, அனுப்புற தண்ணியோட சூடு ஒரு டிகிரி ஏறுனா, செயல்திறன் சுமாரா 2-லிருந்து 3 சதவீதம் இறங்கும். பாய்லருக்கு இந்த அளவு வலி கிடையாது, இது குளிர்ந்த காத்துல இருந்து வெப்பத்தை 'ஏத்தி'க் கொண்டு வர்ற மெஷின். எவ்வளவு உயரம் ஏத்துறோமோ அவ்வளவு கரண்ட். ஆக இந்த ஒரு பீப்பாயால குளிர்காலம் முழுக்க 5-லிருந்து 8 சதவீதம் வரை கூடுதல் கரண்ட். ஓட்ட வித்தியாசம் இதைவிட மோசமா இருந்தா நஷ்டமும் கூடும்.

பிரிட்டன்ல இது ஏன் சின்ன விஷயம் இல்லன்னா, அங்க ஒரு யூனிட் கரண்ட் விலை ஒரு யூனிட் கேஸ் விலையைப் போல சுமார் நாலு மடங்கு. ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டுக்கு மூணரை யூனிட் வெப்பத்துக்கு மேல கொடுத்தாதான் நல்ல கேஸ் பாய்லரோட பில்லுக்குச் சமமா வந்து நிக்கும். அதுக்குக் கீழே இறங்கினா, லட்சக்கணக்குல செலவு பண்ணி அதிக பில் கட்டுறதா ஆயிடும். லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவுல இருக்கிற கோடு அவ்வளவு மெல்லிசு.

இங்கிலாந்து, வேல்ஸ்ல அரசாங்கமே இதுக்கு மானியம் கொடுக்குது. 'பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்'னு பேர், 2022-ல தொடங்குச்சு. காத்துல இருந்து வெப்பம் எடுக்கிற ஹீட் பம்ப்புக்கு முதல்ல 5,000 பவுண்ட். 2023 அக்டோபர்ல 7,500 பவுண்டா உயர்த்தினாங்க. எம்.சி.எஸ். சான்றிதழ் வெச்சிருக்கிற நிறுவனம்தான் மாட்டணும். மானியம் கிடைச்ச சந்தோஷத்துல குழாய் வரைபடத்தை யாரும் பார்க்குறதில்ல.

கேஸ் பாய்லர் வீட்டுல?

இங்க பிரச்சினை எதிர்ப்பக்கத்துல இருந்து வருது. இங்கிலாந்துல 2005-ல இருந்து புதுசா மாட்டுற கேஸ் பாய்லர்கள் பொதுவா கண்டென்சிங் வகையாதான் இருக்கணும். புகையில இருக்கிற நீராவியைத் தண்ணியாக்கி அந்த வெப்பத்தையும் பிடிச்சுக்கிற வகை. ஆனா அதுக்குத் திரும்பி வர்ற தண்ணி 55 டிகிரிக்குக் கீழே இருக்கணும். மேல இருந்தா நீராவி நீராவியாவே புகைக்குழாய் வழியா வெளிய போயிடும்.

பாய்லர் பம்ப் நிமிஷத்துக்கு 17 லிட்டர் தள்ளுது, 70 டிகிரியில. வீட்டுல பாதி ரேடியேட்டர் மூடியாச்சு, 8 லிட்டர்தான் வாங்குது, 50 டிகிரியில திருப்பி அனுப்புது. மிச்ச 9 லிட்டர் 70 டிகிரித் தண்ணி ஹெட்டர் வழியா நேரா கீழ இறங்கி அந்த 50 டிகிரியோட கலக்குது. பாய்லருக்குத் திரும்புறது 60 டிகிரிக்கு மேல. ரேடியேட்டர் ஒழுங்கா ஆற வெச்சு அனுப்பினதை ஹெட்டர் கெடுத்துடுச்சு. கண்டென்சிங் பாய்லர்னு காசு கொடுத்து வாங்கி, சாதா பாய்லராதான் ஓடுது.

ஆக ரெண்டு மெஷினுக்கும் அறிவுரை எதிர் எதிர். கேஸ் பாய்லர்ல ஓட்டம் சமமா இல்லன்னா, செகண்டரி பக்கம் கொஞ்சம் அதிகமா இருக்கட்டும். திரும்புற தண்ணி ஆறியே வரும். ஹீட் பம்ப்ல கூடுமானவரை சமமா வைக்கணும், தவறுனா பிரைமரி ஒரு இம்மி அதிகமா இருக்கட்டும். வீட்டுக்குப் போற சூடு குறையாது. இருபது வருஷமா பாய்லர் மட்டுமே மாட்டிப் பழகின கை, ஹீட் பம்ப்பை மாட்டும்போது சறுக்குற இடம் இது.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

ரெண்டு மூணு பம்ப், ரெண்டு பாய்லர் சேர்த்து மாட்டின பெரிய வீடு, அண்டர்ஃப்ளோரும் ரேடியேட்டரும் தனித்தனி சூட்டுல ஓடுற வீடு, இங்கெல்லாம் ஹெட்டருக்கு நியாயம் இருக்கு. மூணு பெட்ரூம், ஒரே சுற்று, ரேடியேட்டர் மட்டும்னா பெரும்பாலும் தேவையில்ல. ஹீட் பம்ப்புக்குள்ள இருக்கிற பம்ப்பே வீடு முழுக்கத் தள்ளிடும், குழாய் அளவு சரியா இருந்தா.

"அப்போ மெஷினைப் பாதுகாக்குறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கடுங்குளிர்ல ஹீட் பம்ப்போட வெளி யூனிட்டுல பனி உறையும். அதை உருக்க, மெஷின் கொஞ்ச நேரம் வீட்டுக் குழாய்த் தண்ணியில இருந்தே வெப்பத்தைத் திருப்பி எடுக்கும். அந்த நேரத்துல போதுமான தண்ணி சுத்தணும். இதுக்கு ஹெட்டர்தான் வேணும்னு இல்ல. திரும்புற குழாய்ல ரெண்டே இணைப்போட ஒரு சின்ன டேங்க் வெச்சா போதும், கூடவே சில ரேடியேட்டர்களை வால்வு போடாம எப்பவும் திறந்து விட்டுடலாம். ஒரே வழியில உள்ள போய் வெளிய வர்றதால அங்க கலப்புக்கு இடமே இல்ல.

ஒண்ணை மட்டும் கவனிங்க. "நாங்க ஹெட்டர் போடல, பஃபர் டேங்க் போடுறோம்"னு சிலர் சொல்வாங்க. எத்தனை குழாய் இணைப்புன்னு கேளுங்க. நாலுன்னா, அது பெரிய சைஸ் ஹெட்டர்தான். மேல சொன்ன அத்தனை கணக்கும் அதுக்கும் பொருந்தும்.

போடுறதா முடிவாச்சுன்னா?

அளவுதான் முதல் விஷயம். பழைய பொறியாளர் விதி ஒண்ணு இருக்கு. ஹெட்டரோட விட்டம், அதுல வந்து சேர்ற குழாயோட விட்டத்தைப் போல மூணு மடங்காவது இருக்கணும். மூணு மடங்கு விட்டம்னா ஒன்பது மடங்கு பரப்பு. தண்ணி வேகம் ஒன்பதுல ஒரு பங்காயிடும். நம்ம 23 லிட்டர் உதாரணத்துல 28 மி.மீ. செம்புக் குழாய்ல தண்ணி நொடிக்கு சுமார் 0.7 மீட்டர் வேகத்துல வருது. 84 மி.மீ. ஹெட்டருக்குள்ள நுழைஞ்சதும் 0.07 மீட்டர். நொடிக்கு 0.1 மீட்டருக்குப் பக்கத்துலயோ கீழயோ இருந்தா சரி. அதே 23 லிட்டரை 22 மி.மீ. குழாய்ல தள்ளினா வேகம் 1.2 மீட்டர் ஆகும், ராத்திரி சுவருக்குள்ள சத்தம் கேக்கும். மேல் இணைப்புக்கும் கீழ் இணைப்புக்கும் நடுவுலயும் போதிய இடைவெளி விடணும். கிட்ட கிட்ட இருந்தா உள்ள வர்ற தண்ணி பீறிட்டு எதிர்ப்பக்கம் வரைக்கும் போய்க் கலக்கும்.

செங்குத்தாதான் நிக்கணும். சூடான இணைப்பு ரெண்டும் மேல, ஆறினது ரெண்டும் கீழ. படுக்க வெச்சா காத்தும் கசடும் பிரியாது. சுத்தி இன்சுலேஷன் போட்டிருக்கணும். இவ்வளவு பார்த்துப் பார்த்து சூடாக்கின தண்ணியை அம்மணமா கராஜ்ல நிக்க வைக்கிறவங்களும் இருக்காங்க. பழைய ரேடியேட்டர்கள்னா மாட்டுறதுக்கு முன்னாடி மொத்தச் சுற்றையும் கழுவி எடுக்கணும், காந்த ஃபில்டர் போடணும். இல்லன்னா பத்து வருஷத் துரு புது மெஷினுக்குள்ள போகும்.

அடுத்தது சென்சார். இதுல ஒரு சூட்சுமம். வெப்பநிலை சென்சார் மெஷின் பக்கம் மட்டும் இருந்தா, கண்ட்ரோலர் 45 போகுதுன்னு நினைச்சுக்கும், வீட்டுக்கு 42 வரும், நீங்க குளிருதுன்னு புலம்புவீங்க. சென்சாரை ரேடியேட்டர் பக்கத்துக்கு மாத்தினா கண்ட்ரோலர் தானா 47.6-க்கு ஏத்திடும். வீடு கதகதப்பா இருக்கும். புலம்பல் நின்னுடும். ஆனா கலப்பு அப்படியேதான் இருக்கு, பில்லுல மட்டும் தெரியும். குளிர்ந்தாலாவது ஆளைக் கூப்பிடுவோம், கதகதப்பா இருந்தா யார் கூப்பிடுவா? சென்சார் ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது சரிதான், ஆனா ஓட்டத்தைச் சமப்படுத்தின பிறகு.

ஏற்கெனவே மாட்டியாச்சா? ஒரு சின்ன டெஸ்ட்

இதுக்கு எதையும் கழட்ட வேண்டாம். குழாய் மேல மாட்டுற சின்ன தெர்மாமீட்டர் நாலு வாங்குங்க. ஹெட்டரோட நாலு குழாய்லயும், இன்சுலேஷனுக்கு அடியில, ஒவ்வொண்ணு. வெளிய நல்ல குளிர் இருக்கிற ஒரு நாள், மெஷின் அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓடின பிறகு பாருங்க.

மேல இருக்கிற ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா, கீழ இருக்கிற ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா ஓட்டம் சமம். நிம்மதியா இருங்க. மேல ரெண்டுல ரேடியேட்டர் பக்கம் 2, 3 டிகிரி குறைஞ்சிருந்தா ஆறின தண்ணி மேல ஏறுது. கீழ ரெண்டுல மெஷின் பக்கம் சூடு அதிகமா இருந்தா சூடான தண்ணி வீட்டுக்குப் போகாம திரும்புது. நாலையும் போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு இன்ஸ்டாலரைக் கூப்பிடுங்க. பல நேரம் பம்ப் வேகத்தை மாத்தினாலே சரியாயிடும், பீப்பாயைக் கழட்ட வேண்டி வராது. நீங்களா எதையும் திருக வேண்டாம். கேஸ் பாய்லர்னா பிரிட்டன்ல 'கேஸ் சேஃப்' பதிவு இருக்கிறவங்கதான் தொடணும், அது சட்டம்.

இன்னும் கையெழுத்துப் போடலன்னா வேலை இன்னும் சுலபம். இன்ஸ்டாலர்கிட்ட மூணு எண் கேளுங்க: ஒவ்வொரு ரூமுக்கும் வெப்ப இழப்பு எவ்வளவு, பிரைமரியில நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், செகண்டரியில எத்தனை லிட்டர். முதல் எண் எம்.சி.எஸ். விதிப்படி அவர் போட்டே ஆகணும். அடுத்த ரெண்டும் அதுல இருந்து வர்றது. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"னு பதில் வந்தா, இன்னொரு கொட்டேஷன் வாங்குங்க. இங்கிலாந்துல 2022 ஜூன்ல வந்த கட்டட விதிகள்படி, புதுசா போடுற ரேடியேட்டர் சுற்றுகளை 55 டிகிரிக்கு மேல போகாத சூட்டுல வேலை செய்யுற மாதிரி வடிவமைக்கணும். அதனால குழாய், ரேடியேட்டர் அளவுகளை எண்ணோட பேசுறது அவங்களுக்கும் புதுசு இல்ல.

அண்ணன் வீட்டுக்கு என்ன பதில்? அவருக்கு மாடி ரேடியேட்டர் ஒரு சுற்று, கீழே நீட்டிக் கட்டின கிச்சன்ல மட்டும் அண்டர்ஃப்ளோர். ஹெட்டருக்கு நியாயம் இருக்குன்னும் சொல்லலாம். கிச்சனையும் அதே சூட்டுல, அதே பம்ப்புல ஓட்டிட்டு ஹெட்டரை விட்டுடலாம்னும் சொல்லலாம். கிச்சனுக்கு எத்தனை லிட்டர் ஓடணும்னு தெரிஞ்சாதான் ரெண்டுல எதுன்னு முடிவு பண்ண முடியும். இன்ஸ்டாலருக்கு மெயில் போட்டிருக்காரு. எண் இன்னும் வரல. கையெழுத்தும் போடல.